ஜலக் கக்கூசும் எருக் கக்கூசும்

தாமிரபரணிப் பாசனத்தில் கடைமடைக்காரர் படும் சங்கடம் தலைமடைக்காரருக்கு எளிதில் விளங்குவதில்லை. வேண்டும் காலத்தில் ஜலம் வந்து சேராமையும், வேண்டாத காலத்தில் மேலுள்ள ஊர்களின் ஜலமெல்லாம் வந்து தேங்குவதும் கடைமடைக்கு உரிய இரட்டைத் துன்பங்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே, ஏரல், கொற்கை, ஆத்தூர், முக்காணி முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள நஞ்சை அத்தகையது. முற்காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகமாயிருந்த கொற்கையை விட்டுக் கடல் சில கிலோமீட்டர் விலகிப்போனது நதி கொண்டுவந்து கொட்டிய வண்டலினால்தான். வாழைக்கும் நெல்லுக்கும் வெற்றிலைக்கும் அந்த வண்டல் பொன்னுக்கு நிகர். ஆனால் அதே மண்ணில் குழி தோண்டிக் கக்கூசு கட்டுவோருக்கு அது வேறு முகத்தைக் காட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மண்வெட்டி இரண்டு முறை ஆழ இறங்குமுன் ஜலம் ஊறிவிடும் இடங்கள் அங்கு உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் தோண்டப்பட்ட கழிப்பறைக் குழி, குழியன்று. கிணற்றின் தங்கை என்றே சொல்லவேண்டும்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் இப்பகுதியில் பெய்த மழை யாவரும் அறிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னை சென்ற ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 பிரயாணிகளுடன் நின்றுவிட்டது. ஏரல் முதலிய ஊர்கள் வெள்ளத்தில் அகப்பட்டன. வீடிழந்தவர், ஆடுமாடு இழந்தவர், வாழை இழந்தவர் கணக்கெல்லாம் எடுக்கப்பட்டது. ஜலம் சூழ்ந்த ஊர்களில் அத்தனை கழிப்பறைக் குழிகளும் செப்டிக் டாங்குகளும் அதே ஜலத்தில் மூழ்கின என்பதும், அவற்றிலிருந்தது கிணற்றுக்கும் அடிபம்புக்கும் வீட்டு வாசலுக்கும் வரத் தடையேதும் இல்லை என்பதும் அந்தக் கணக்குகளில் ஏறவில்லை. அத்தகைய வெள்ளம் ஆண்டுதோறும் வருவதன்று. ஆனால் பிசான நடவின்போது வயல்மட்டத்துக்கு ஜலம் ஏறி, பீங்கானில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் எதிர்த்துப் பொங்குவது தாழ்ந்த மனைகளில் அடிக்கடி காணப்படுவது. வீட்டார் அதைக் கொத்தனாருடைய குற்றம் என்பர். கொத்தனார் மீது குற்றமில்லை. அந்த நிலத்தில் அந்த வகைக் கக்கூசே குற்றம்.

ஜலக் கக்கூசு என்பது பட்டணத்துக்கு ஏற்பட்ட சாதனம். தெருவின் அடியில் சாக்கடைக் குழாயும், குழாயின் முடிவில் சுத்திகரிப்பு நிலையமும் இருக்குமிடத்தில் அதற்கு அர்த்தம் உண்டு. குழாயும் நிலையமும் இல்லாத கிராமத்தில் அது மலத்தைக் கண்ணுக்கு மறைப்பதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. மறைந்தது எங்கே போயிற்று என்பது வீட்டாருக்குத் தெரிவதில்லை. ஒரு முறை இழுத்தால் 10 லிட்டர் கொட்டும் தொட்டி வைத்த வீட்டில் ஐந்து பேர் நாளொன்றுக்கு ஐந்து முறை வீதம் பயன்படுத்துவதாகக் கொண்டால், 250 லிட்டர் நல்ல ஜலம் தினந்தோறும் மலஜலமாக மாறுகிறது. வருஷத்துக்கு 91,250 லிட்டர். செம்பினால் ஊற்றும் வீட்டில் இதில் நாலில் ஒரு பங்கு போதும். எதுவாயினும், அரை வாளிக்கும் குறைவான ஒரு பொருளைப் பல வாளி ஜலத்தில் கரைத்துப் பெருக்கிவிட்டு, பிறகு அந்தப் பெருக்கை எங்கே விடுவதென்று திகைப்பதே இந்த ஏற்பாட்டின் சாரம். கடைசியில் அது இறங்குவது தாமிரபரணிப் படுகையின் ஊற்றில். அந்த நதியின் ஜலத்தையே கரையோரத்து ஊர்களும் தூத்துக்குடிப் பட்டணமும் குடிக்கின்றன.

இங்கே நியாயமாக ஒன்று கூறவேண்டும். 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில், தகுதியுடைய குடும்பங்களுக்கு ரூ.12,000 உதவித்தொகையுடன் பெரிதும் சிபாரிசு செய்யப்பட்ட இரட்டைக் குழிக் கழிப்பறை மேட்டுநிலங்களுக்கு மிக நல்ல ஏற்பாடு. ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்கு மாற்றிவிட்டு, நிறைந்ததை ஓராண்டுக்குமேல் ஆறப்போட்டால் உள்ளே இருப்பது நாற்றமற்ற மண்ணாகிவிடும். சாத்தான்குளத்துத் தேரிக்காட்டிலும் அதை அடுத்த புஞ்சையிலும் இதைவிட்டு வேறொன்று தேடவேண்டிய அவசியமே இல்லை. ஆயினும் குழியின் அடிமட்டத்துக்கும் மழைக்கால நிலத்தடி ஜலமட்டத்துக்கும் இடையே 2 மீட்டர் மண் இருக்கவேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் விதி. கொற்கைக் குளத்தின் அடிவாரத்து மனைகளில் 2 மீட்டர் உலர்ந்த மண்ணை எங்கே தேடுவது? விதியைப் படிக்காமல் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே அச்சில் வார்த்துக் கட்டியதே பல இடங்களில் நேர்ந்த பிழை.

பள்ளத்து மனைக்குப் பொருந்துவது குழியை நிலத்துக்குள் இறக்காமல் நிலத்துக்கு மேலே ஏற்றிக் கட்டும் எருக் கக்கூசு. இதன் அமைப்பு மிகச் சாதாரணமானது. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள மேடையினுள் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு ஒன்றையொன்று அடுத்த இரண்டு அறைகள். அடித்தளம் ஜலம் புகாத பூச்சு. மேலே பீங்கான். பீங்கானில் மூன்று வழிகள்: மலம் நேரே அறைக்குள் விழும், சிறுநீர் முன்புறக் கிண்ணத்தின் வழியாகக் குழாயில் சென்று ஒரு பானையிலோ பீப்பாயிலோ சேரும், கால்கழுவும் ஜலம் தனி வழியாக வெளியேறி வாழையோ சேப்பங்கிழங்கோ நட்ட சிறு பாத்திக்குப் போகும். ஒவ்வொரு முறையும் உபயோகித்தபின் ஒரு கை சாம்பலோ, உமிச்சாம்பலோ, தென்னை நார்த்தூளோ, நன்கு காய்ந்த மண்ணோ மலத்தின்மேல் தூவவேண்டும். அறையிலிருந்து கூரைக்கு மேல் செல்லும் ஒரு காற்றுக்குழாய். அதன் வாயில் ஈ புகாத வலை. ஓர் அறை நிறைய ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும்படி அமைத்துக்கொள்ளவேண்டும். நிறைந்தபின் அதன் வாயை மூடிவிட்டு அடுத்த அறையைத் திறப்பது.

இதில் நாற்றம் இராதா என்பது முதலில் எழும் ஆக்ஷேபம். கக்கூசின் நாற்றம் பெரும்பாலும் மலமும் சிறுநீரும் ஜலமும் ஒன்றாய்க் குழம்பி, காற்றில்லாமல் புளிப்பதால் வருவது. மூன்றையும் பிரித்துவிட்டால் புளிப்பு இல்லை. மாட்டுத் தொழுவத்திலேயே இதைப் பார்க்கலாம்: கோமூத்திரம் ஓடிவிடும்படி சாய்வாகத் தளமிட்டு, சாணத்தை உலர்ந்த சருகோடு அள்ளும் தொழுவம் நாறுவதில்லை; எல்லாம் சேறாய்க் கிடக்கும் தொழுவமே நாறும். எருக் கக்கூசு நாறினால், யாரோ ஒருவர் அறைக்குள் ஜலம் ஊற்றியிருக்கிறார் என்று நிச்சயமாகச் சொல்லலாம். கல்யாணம் நடக்கும் வீட்டில் அதைப் பூட்டிவைப்பதே புத்தி. விருந்தினர் நூறு பேருக்கு மூன்று துவாரத்தின் இலக்கணத்தை யார் கற்பிப்பது?

இது புதிதாகக் கண்டுபிடித்த விந்தையுமன்று. இங்கிலாந்தில் ஹென்றி மவுல் என்ற பாதிரியார் காய்ந்த மண்ணை மலத்தின்மேல் கொட்டினால் சில வாரங்களில் நாற்றம் அற்றுப்போவதைத் தம் தோட்டத்தில் கண்டு, 1860-ஆம் ஆண்டில் மண் கக்கூசுக்குக் காப்புரிமை பெற்றார். 1868-இல் விம்பிள்டன் என்னும் இடத்தில் கூடாரமடித்துத் தங்கிய சுமார் 2,000 தொண்டர் படையினருக்கு அவருடைய கக்கூசுகளே வைக்கப்பட்டன. சாக்கடைக் குழாய் முந்திக்கொண்டதால் பட்டணங்கள் அதை மறந்தன. சுவீடன் தேசத்தில் 1939-இல் லிண்ட்ஸ்ட்ரோம் என்பவர் தம் வீட்டுக்கென்று சாய்தளமுள்ள எருக் கக்கூசு ஒன்று அமைத்தார். அதே 1939-இல் பெங்களூர் விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகத்தில் ஸி. என். ஆச்சார்யா பட்டணத்துக் குப்பையையும் மலத்தையும் பள்ளத்தில் அடுக்கடுக்காகப் போட்டு மூடி மக்கவைக்கும் பெங்களூர் முறையை வகுத்தார். அதற்கு முன்னரே இந்தூரில் ஆல்பர்ட் ஹோவார்டு 1924 முதல் 1931 வரை செய்த வேலை விவசாயிகளுக்கு அறிமுகமானது. பெங்களூர் முறையில் மக்கிய எருவை 1940-களில் நகரசபைகள் பல குடியானவருக்கு விற்றன. விளைந்த எரு நல்ல எருதான். ஆனால் அந்த மலத்தை வீடுவீடாக வாளியில் வாரித் தலையில் சுமந்து பள்ளத்துக்குக் கொண்டுசேர்த்தவர் யார் என்பதை அக்காலத்து எருக் கணக்குகள் ஒரு வரியிலும் எழுதவில்லை. இவ்விஷயம் பின்னால் விரிவாகப் பேசப்படும்.

கேரளக் கடற்கரையில், திருவனந்தபுரத்தை அடுத்த மீன்பிடி ஊர்களில், தோண்டிய இடமெல்லாம் ஜலம் ஊறும் மணலில் 1990-களில் பால் கால்வெர்ட் என்ற பொறியாளர் மேற்சொன்ன மூவழிப் பீங்கானைக் கட்டிக் காட்டினார். கால்கழுவுவோருக்கு மேல்நாட்டு இருவழிப் பீங்கான் உதவாது என்று கண்டு மூன்றாம் வழியைச் சேர்த்ததே இதில் முக்கியம். தமிழ்நாட்டில் இதற்குப் பெயர்பெற்ற இடம் முசிறி. காவிரிக் கரையில் ஜலமட்டம் உயர்ந்த அந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ‘ஸ்கோப்’ என்னும் தொண்டு நிறுவனத்தார் இத்தகைய கழிப்பறைகளைக் குடும்பங்களுக்கும், பிறகு 2006-இல் பொதுவுக்கும் அமைத்தனர். பொதுக் கழிப்பறைக்கு வருவோரிடம் காசு வாங்குவதே உலக வழக்கம். முசிறியில் வந்தவருக்குச் சிறு காசு கொடுத்தார்கள். எருவின் மூலப்பொருளை வந்து தருகிறவருக்கு விலை என்பது அதன் கருத்து. அந்நிறுவனத்தின் சுப்புராமனுக்கு 2021-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி நிலையத்தார் முசிறியில் சேகரித்த சிறுநீரைப் பூவன் வாழைக்குப் பாய்ச்சிப் பரிசோதித்ததும் உண்டு. காவிரிக் கரைப் பூவனுக்கும் ஏரல் பக்கத்து வாழைக்கும் மண்ணிலும் ஜலத்திலும் சில வேற்றுமைகள் இருந்தாலும், வாழை வாழைதான்.

சக்கரத்தின்மேல் ஓடும் வீடுகளிலும் இதே மாறுதல் நடந்துவருகிறது என்பது பலருக்கு வியப்பாயிருக்கலாம். மேல்நாடுகளில் மோட்டாரின் பின்னே சிறு வீட்டு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர்சுற்றும் வழக்கம் உண்டு. அவ்வண்டியில் ஒரு ஜலக் கக்கூசும், அதற்கு மேலே நல்ல ஜலத்துக்கு ஒரு தொட்டியும், கீழே மலஜலத்துக்கு ஒரு தொட்டியும் வைப்பார்கள். சிறு வண்டி தாங்கும் பாரம் கொஞ்சம்; நல்ல ஜலத் தொட்டி காலியாவதும், கீழ்த்தொட்டி நிறைவதும் வெகு சீக்கிரம்; அதைக் கொட்டுவதற்கென்று ஏற்பட்ட இடத்தைத் தேடி ஓடவேண்டும். இத்தொல்லை பொறாமல் பலர் ஜலக் கக்கூசைப் பெயர்த்தெறிந்துவிட்டு, அவ்விடத்தில் உலர் பெட்டி ஒன்றைத் திருகாணியால் பிணைத்துக்கொள்கிறார்கள். முன்னால் சிறுநீர்க் குப்பி. பின்னால் மலத்துக்கு நார்த்தூள் நிரப்பிய வாளி. கிளறுவதற்கு ஒரு கைப்பிடி. காற்றை வெளியே இழுக்க மின்கலத்தில் சுழலும் சிறு விசிறி. அவ்வளவே. அந்த நார்த்தூள் தென்னையின் மட்டைத் தூள். பொள்ளாச்சிப் பக்கத்திலும் பிற இடங்களிலும் கட்டிகளாக அழுத்தப்பட்டுத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போகும் சரக்குகளில் அது ஒன்று. தன் தோப்புக்குள் குவியலாய்க் கிடந்து மழையில் கரையும் பொருளுக்கு அயல்நாட்டு வண்டிக்காரர் கொடுக்கும் மரியாதையைத் தோப்புக்காரர் கவனித்தல் நலம். ஒரு திருத்தம் மட்டும் சொல்லவேண்டும்: அந்தப் பெட்டிகள் எருக் கக்கூசு என்ற பெயரில் விற்கப்பட்டாலும், சில வாரங்களில் நிறையும் வாளிக்குள் எரு முடிவதில்லை, தொடங்குகிறது. வாளியைக் கொட்டியபின் வேறொரு குவியலில் மாதக்கணக்கில் கிடந்துதான் அது எருவாகவேண்டும்.

இந்திய ரயில்வேயும் தண்டவாளத்தில் மலம் விழும் பழைய முறையை ஒழித்து, பெட்டிக்கடியில் பாக்டீரியாத் தொட்டி பொருத்தியது. அதில் மலம் விழாத பாதையாக முதன்முதல் 2016-ஆம் ஆண்டு ஜூலையில் அறிவிக்கப்பட்டது மானாமதுரை – இராமேஸ்வரம் 114 கிலோமீட்டர்ப் பாதை. அது காற்றில்லாமல் ஜலத்திலேயே செரிக்கவைக்கும் முறை; எருக் கக்கூசுடன் குழப்பிக்கொள்ளலாகாது. ஆயினும் ஓடும் பெட்டியிலும் மலத்தை அதன் இடத்திலேயே அடக்கமுடியும் என்பதற்கு அது போதிய சாட்சி. கார், பிசான அறுவடைகளின்போது அறுவடை இயந்திரத்துடன் வெளி ஜில்லாக்களிலிருந்து வந்து வாரக்கணக்கில் வரப்பிலேயே தங்கும் ஆட்களுக்கும், நடவுக்கும் வாழைக்கட்டுக்கும் வரும் பெண்களுக்கும் பெரும்பாலான மிராசுகளில் எந்த இடமும் ஏற்படுத்தப்படவில்லை. வாய்க்கால் கரையே இடம். டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு தகரக் கூண்டும், அதற்குள் ஓர் உலர் பெட்டியும், ஒரு சாக்கு நார்த்தூளும் இருந்தால் இந்த வெட்கக்கேடு தீரும். அதன் செலவு ஒரு போகத்தில் பூச்சிமருந்துக்கு ஆகும் செலவுக்கு முன்னால் பெரிதாகத் தோன்றாது.

இனி எருவின் கணக்கு. எருக் கக்கூசைப் பரப்புவோரில் சிலர், உரக்கடைக்கே போகவேண்டாம் என்பதுபோல் பேசுகிறார்கள். அது மிகை. இந்திய உணவு உண்ணும் ஒருவரிடமிருந்து வருஷத்தில் கிடைப்பது சராசரி 2.7 கிலோ தழைச்சத்து, 0.4 கிலோ மணிச்சத்து, 1.5 கிலோ சாம்பல்சத்து என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஐந்து பேர் குடும்பத்துக்குத் தழைச்சத்து 13.5 கிலோ. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. ஆக, ஒரு குடும்பம் வருஷம் முழுவதும் சிரத்தையாய்ச் சேர்த்தால் யூரியா மூட்டையில் மூன்றில் இரண்டு பங்கு. ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து வேண்டும் நெற்பயிரில் இது 22 சென்டுக்குக் காணும். பத்து ஏக்கர் மிராசுதாரை இந்தக் கணக்கால் மயக்க முடியாது. மயக்க முயல்வதும் தவறு. வீட்டைச் சுற்றியுள்ள தென்னைக்கும் வாழைக்கும் போதும் என்று சொல்வதே உண்மை. மேலும் இந்தத் தழைச்சத்தில் பெரும்பங்கு, பத்தில் எட்டுக்கும் மேல், மலத்திலன்று, சிறுநீரில் இருக்கிறது. மலத்தைப் பதப்படுத்த இத்தனை பாடுபட்டுவிட்டுச் சிறுநீரைச் சாக்கடையில் விடுகிறவர் நெல்லை விட்டு உமியை மூட்டை கட்டுகிறவர். சிறுநீரை மூடிய பாத்திரத்தில் வைக்கவேண்டும். திறந்து வைத்தால் சத்து அம்மோனியாவாய்க் காற்றில் போய்விடும். நாலைந்து பங்கு ஜலம் கலந்து, மரத்தைச் சுற்றிப் பறித்த காலில் ஊற்றி உடனே மண் அணைத்துவிடுவது முறை. இலைமேல் ஊற்றினால் இலை கருகும்.

எருக் கக்கூசின் உண்மையான லாபம் மூட்டைக் கணக்கில் அகப்படாது. கிணற்றில் கலக்காத மலம், மழைக்காலத்தில் எதிர்த்துப் பொங்காத பீங்கான், குழந்தைகளின் வயிற்றில் குறையும் கிருமி ஆகிய இவையே லாபம்.

கிருமியைப்பற்றிக் கண்டிப்பாகப் பேசவேண்டும். உலர்ந்த மலம் எருவைப்போல் தோன்றுவதாலேயே எருவாகிவிடாது. பேதிக் கிருமிகள் சில மாதங்களில் மடிந்தாலும், நாக்குப்பூச்சியின் முட்டைகள் மிக நெடுங்காலம் உயிரோடிருக்கும். உலக சுகாதார ஸ்தாபனம் 2006-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இந்நாட்டு வெப்பத்தில் மூடிய அறை புதிதாக ஒன்றும் சேராமல் ஒரு வருஷத்துக்குமேல் கிடக்கவேண்டும். சாம்பலும் சுண்ணாம்பும் தாராளமாகச் சேர்த்துக் காரத்தன்மையை ஏற்றினால் காலம் குறையும். ஆயினும் வீட்டுக் கக்கூசில் காரத்தை அளந்து பார்ப்பவர் யார்? வருஷக் கணக்கை நம்புவதே சுலபம். மற்றொன்று: இரட்டை அறையில் நடப்பது பெரும்பாலும் உலர்தலே, மக்குதல் அன்று. சாம்பல் கொட்டக் கொட்ட மக்குதல் நின்றுபோகும். ஆகவே ஓராண்டு கிடந்து வெளிவந்ததை வாழைச் சருகு, சாணம், பச்சைத் தழை இவற்றோடு எருக்குழியில் அடுக்கி, ஈரமாக்கி, சூடேறிக் குளிரும்வரை ஒரு முறை மக்கவைத்தல் உத்தமம். குவியல் உள்ளே கை வைக்கமுடியாதபடி, 50 டிகிரிக்குக் குறையாமல், ஒரு வாரமாவது சூடேறவேண்டும்.

ஆத்தூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்காரர் இந்த எருவைக் கொடிக்காலுக்குக் கொண்டுபோகவே கூடாது. வெற்றிலை வேகவைத்துத் தின்னும் பொருளன்று. பறித்த இலை துடைத்த துடைப்போடு வாய்க்குள் போகிறது. கீரைப் பாத்திக்கும் அதே தடை. தென்னை, வாழை, மர வகைகள், தீவனப்புல் இவற்றோடு நிறுத்திக்கொள்வதே முறை. ஒரு கொடிக்காலில் நேர்ந்த தவறு ஆத்தூர் வெற்றிலையின் பேரையே கெடுத்துவிடும்.

இனி, மேலே தள்ளிவைத்த விஷயம். வருஷம் முடிந்து அறையின் கதவைப் பெயர்க்கும் நாளில் மண்வெட்டியைக் கையில் எடுப்பவர் யார்? எருக் கக்கூசைப்பற்றிய எல்லாக் கேள்விகளிலும் இதுவே பெரிது; கட்டட நுணுக்கம், பீங்கான், காற்றுக்குழாய் யாவும் இதற்குப் பின்தான். இந்நாட்டில் மலம் என்றால் அதைத் தொடுவதற்கென்று ஒரு சாதியாரைப் பிறப்பினால் ஒதுக்கிவைத்த கொடுமை நெடுங்காலம் நடந்தது. அதை ஒழிக்க 1993-இல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013-இல் மற்றொரு சட்டமும் செய்யவேண்டியதாயிற்று. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சுகாதாரமற்ற கழிப்பறை இன்னது என்று வரையறுக்கையில், மலம் முழுவதும் மட்கிச் சிதைவதற்குமுன் மனிதர் கையால் அள்ளவேண்டிய கழிப்பறை எதுவும் அதில் அடங்கும்படி செய்தது. ஆகவே அவசரப்பட்டு ஆறு மாதத்தில் அறையைத் திறந்து, கூலிக்கு ஆள் விட்டு அள்ளச்செய்யும் மிராசுதார் எரு தயாரிக்கவில்லை, குற்றம் செய்கிறார். ஓராண்டுக்குமேல் கிடந்து மண்ணாய்விட்டதை அள்ளுவது சட்டத்துக்கு விரோதமில்லாதிருக்கலாம். ஆனால் அதற்கும் பழைய சேரிக்கே ஆள் அனுப்பி அழைப்பாரானால், புதிய கட்டடத்துக்குள் பழைய பாவம் குடியேறிற்று என்றே கொள்ளவேண்டும்.

தன் வீட்டு அறையைத் தானே திறந்து அள்ளச் சித்தமில்லாதவர் எருக் கக்கூசு கட்டாமலிருப்பதே நல்லது. மாட்டுச் சாணத்தைத் தயக்கமின்றி அள்ளும் கைக்கு, மண்ணாய் மாறிய பொருளை அள்ளுவதில் உள்ள தடை மனத்தடையேயன்றி வேறில்லை. மராட்டிய தேசத்தில் அப்பாசாகேப் பட்வர்தன் போன்ற காந்தியத் தொண்டர்கள் கோபுரி என்ற பெயரால் எருக் கக்கூசு அமைத்ததும், சேவாகிராமத்தில் ஆசிரமவாசிகள் தத்தம் முறைக்குத் தாமே மலமெடுத்ததும் இந்தத் தடையை உடைப்பதற்கே. வீட்டுக்குள்ளும் இதே கேள்வி வேறு உருவில் எழும். கட்டுவதென்று தீர்மானிப்பவர் ஆண். தினமும் சாம்பல் கொண்டுவைத்து, சிறுநீர்ப் பானையை மாற்றி, குழந்தைகளுக்குப் பழக்கம் கற்பிக்கவேண்டியவள் பெண் என்று ஆகிவிடுவது பெரும்பாலும் நடக்கும். அவளைக் கேளாமல் கட்டிய கக்கூசு ஒரு வருஷத்தில் விறகறையாவதற்கு அவள்மேல் பழி சொல்லலாகாது.

ஊராட்சித் தலைவர்களுக்கும் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் இதில் வேலை உண்டு. சுகாதாரமற்ற கழிப்பறைகளைக் கணக்கெடுப்பது சட்டம் ஸ்தல ஸ்தாபனங்கள்மேல் சுமத்திய கடமை. எருக் கக்கூசு என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னே எடுப்புக் கக்கூசு ஒளிந்துகொள்ளாமல் பார்க்கவேண்டியது அவர்கள் பொறுப்பு. ஒவ்வொரு அறையின் கதவிலும் மூடிய மாதமும் வருஷமும் சிமெண்டில் எழுதிவைக்கச் செய்தால், திறந்த தேதியை யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. பாதித் தெருவுக்குக் குழி, பாதித் தெருவுக்கு மேடை என்று மனையின் மட்டத்தைப் பார்த்துச் சிபாரிசு செய்யவும் அவர்களால் இயலும். கார்த்திகையில் எந்த வீட்டுக் கொல்லையில் ஜலம் நிற்கும் என்பது ஊர் அதிகாரிக்குத் தெரியாததன்று.

இருக்கும் ஜலக் கக்கூசை மாற்ற விரும்புவோர் கவனிக்கவேண்டியவை சில. பழைய பீங்கானைப் பெயர்த்து அதே தளத்தில் புதிய பீங்கானைப் பதித்தால் பயனில்லை. தளம் ஒரு மீட்டர் உயர்ந்தாகவேண்டும். படி வைக்கவேண்டும், முதியவருக்குப் பிடிகம்பியும் வேண்டும். வயதான தாயார் ஏறமுடியாத கக்கூசு யாருக்காகக் கட்டப்பட்டது? பழைய குழியை உடனே வாரவேண்டாம். மேலே மண்ணிட்டு மூடி இரண்டு வருஷம் கிடக்கவிட்டு அதன்மேல் ஒரு தென்னை வைத்துவிடலாம். கால்கழுவும் ஜலத்தை அந்தப் பழைய குழிக்கே திருப்பிவிடுவது சோம்பேறி வழி. சிறிதளவாயினும் அதிலும் கிருமி உண்டு. உயர்த்திக் கட்டிய மணற்பாத்திக்கே விடவேண்டும். அறைக் கதவுகளைச் சிமெண்டுப் பலகையால் அடைத்துச் சந்துகளைப் பூசிவிடவேண்டும். 2023-ஆம் ஆண்டு வெள்ளம் போன்றது வந்தால் ஒரு மீட்டர் மேடையும் நிற்காது என்பதை மறைப்பதற்கில்லை. வயல் ஜலம் முற்றத்தைத் தொடும் சாதாரண மழைக்காலங்களுக்கே இது காவல்.

அறை மாற்றுவதைப் பங்குனியில் வைத்துக்கொள்வது வசதி. பிசான அறுவடை முடிந்திருக்கும்; சருகும் உமிச்சாம்பலும் ஏராளம்; ஜலமட்டம் இறங்கியிருக்கும்; வெயில் கடுமையாய் வரும். முதல் பங்குனியில் தொடங்கிய அறையை அடுத்த பங்குனியில் மூடி, அதற்கு மறு பங்குனியில் திறந்தால் ஓராண்டு ஓய்வு தவறாது. கார் நாற்றங்கால் போடும் வேலை தொடங்குமுன் வாரிய பொருளை எருக்குழியில் அடுக்கிவிடலாம். அது மக்கித் தென்னை மூட்டுக்குப் போகும்போது ஐப்பசி மழை தொடங்கியிருக்கும்.